ஞாயிற்றுக்கிழமை மதிப்பெண்கள்

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று ஐம்பது வருஷம் நம்பியிருந்தேன். சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடி டம்ளருக்குக்கூட அவள்தான் மாட்டிக்கொள்வாள், மறைக்கத் தெரியாத முகம். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். வாயைத் திறந்தாலே புளுகுகிற ஆள் ஏமாற்றினால், நம்பியது நம் தப்பு என்று விட்டுவிடலாம். இவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, "குடுத்துட்டேன், தின்னுட்டான்" என்று மூன்று மாதம் சொன்னாள். நானும் நம்பிக்கொண்டு அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

அவள் கொடுத்ததாகச் சொன்னது நாயின் மாத்திரையை.

பெங்களூர் தொம்மலூரில், பழைய ஊர்ப் பக்கம், எங்கள் அப்பா அரசாங்க வேலையில் இருந்தபோது கட்டிய வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்திம்பேர் போனபிறகு இரண்டு பெட்டியோடு வந்தாள், சமையலறையைக் கைப்பற்றினாள், இன்றுவரை திருப்பித் தரவில்லை. மூன்றாவது ஆள் நாய். பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்கு வெளியே சாக்கடை ஓரம் கிடந்தவனை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது.

முதலில் அவன் திவானில் ஏறுவதை நிறுத்தினான். அதற்குப் பிறகு காலிங் பெல் அடித்தால் ஓடிவருவதை நிறுத்தினான், படுத்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுப்பான். வயதாகிவிட்டது, ஒருவழியாக அடங்கிவிட்டான் என்று நானும் அக்காவும் சந்தோஷப்பட்டோம். திவான் விரிப்பில் முடி ஒட்டுவதில்லை என்று அக்காவுக்கு ஏக நிம்மதி. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அவன் பின்னங்காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். அவன் திரும்பி அவர் கையைப் பல்லால் தொட்டான், கடிக்கவில்லை.

"அடங்கல மேடம், நோவு," என்றார் டாக்டர். கன்னடக்காரப் பெண், என் மாணவி வயது இருக்கும், எனக்காகத் தமிழில் பேசுவார், பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். "இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சு போயிருக்கு. நாய் நோவுன்னு கத்தாது மேடம். செய்யறத ஒண்ணொண்ணா விட்டுடும். நாம அத வயசுன்னு நெனச்சுப்போம், அஷ்டே, அவ்ளோதான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பது வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று சொல்கிறவள் நான். வீட்டில் ஒரு ஜீவன் வலியோடு படுத்திருக்கிறது, விரிப்பில் முடி இல்லை என்று மகிழ்ந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர், அக்காவின் நெய்ச் சோற்றை நிறுத்தினேன். மொசைக் தரையில் கால் வழுக்கக்கூடாது என்றார், சிவாஜிநகர் போய் ஆளுயர ரப்பர் விரிப்புச் சுருளை வாங்கி, பஸ்ஸில் மடியில் கிடத்திக்கொண்டு வந்து, வாசலிலிருந்து சமையலறைவரை விரித்தேன். வாசலின் மூன்று படிக்குப் பக்கத்தில் பலகை போட்டுச் சரிவு வைத்தேன். பாதத்து முடியை வெட்டினேன், சாயங்காலம் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே தினம் ஒரு மாத்திரை. காலை ஆகாரத்தோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் போனால் குடல் புண்ணாகும் என்று டாக்டர் நாலு தடவை சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஈரல், சிறுநீரகம் பார்த்தோம்.

அந்த மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். நாய்கள் விரும்பித் தின்னட்டும் என்று அதில் ஈரல் வாசனை சேர்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். நாய்க்கு முட்டை வேக வைப்பதுகூடப் பின்கட்டில், தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில். அக்கா அந்த மாத்திரையைக் கையால் தொடமாட்டாள். இடுக்கியால் பிடித்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, தயிர்சோற்று உருண்டைக்குள் செருகுவாள். அப்புறம் இடுக்கியைக் கழுவுவாள், கையைக் கழுவுவாள், எதற்கும் இருக்கட்டும் என்று இடுக்கியை இன்னொருமுறை கழுவுவாள். நான் கேலி செய்வேன்.

நான் ஏழேகாலுக்குக் கிளம்பிவிடுவேன். நாய்த்துரை எட்டரைக்கு முன்னால் வாயைத் திறக்கமாட்டார். ஆகவே பள்ளி நாட்களில் மாத்திரை அக்கா பொறுப்பு, லீவு நாட்களில் என் பொறுப்பு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் விடுமுறை, நானே கொடுத்தேன். நாய் புது ஆளாகிவிட்டான். பலகையில் இறங்கி, தெருமுனை மெடிக்கல் ஷாப் வரை வந்து, கடைக்காரரின் சைக்கிள் டயரில் ஒற்றைக் காலைத் தூக்கினான். அந்தக் காலைத் தூக்கி அவன் நின்று எத்தனை மாதமாயிற்று என்று எனக்குத் தொண்டை அடைத்தது. கடைக்காரருக்கு வேறு காரணத்தால் அடைத்தது.

ஜூனில் பள்ளி திறந்தது, மழையும் வந்தது, அவன் மறுபடி விழுந்தான். குளிர் ஈரத்தில் மூட்டு வலி கூடத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஜூலையில் எழுந்து நிற்க இரண்டு மூன்று முயற்சி வேண்டியிருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் வீடு திரும்பியபோது தன் மூத்திரத்திலேயே படுத்திருந்தான், என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான், அது தரையில் சளப் சளப்பென்று அடித்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா துணி கொண்டுவந்து போட்டாள்.

"மாத்திர குடுத்தியாக்கா?"

"குடுத்துட்டேன், தின்னுட்டான். வயசாயிடுச்சுடி, மாத்திரையும் எத்தினி நாளைக்குக் கேக்கும்?"

டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மாத்திரை வேலை செய்யாத கட்டம் வந்துவிடும். இன்னொரு மருந்து சேர்க்கலாம், ஆனால் இந்த வயதில் சிறுநீரகம் தாங்குமா தெரியாது. "நாலு வாரம் நோட்டு எழுதுங்க மேடம். தானா எழுந்திருக்கறானா, கேட்டுக்கு வர்றானா, சாப்பிடறானா, வெளிய போய் ஒண்ணுக்குப் போறானா, இடுப்பத் தொட விடறானா. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க். கெட்ட நாள் ஜாஸ்தி ஆச்சுன்னா, நாம யோசிக்கணும்." எதை யோசிக்கணும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்க் போடுவது என் தொழில். தேதி, கிழமை, ஐந்து கட்டம், கூட்டுத்தொகை என்று கோடு போட்டு எழுதினேன். திங்கள் மூன்று. செவ்வாய் மூன்று. புதன் இரண்டு. ஞாயிறு மட்டும் ஏழு, எட்டு. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இப்போது எழுதவே கூசுகிறது. நான் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு வலி தெரிவதில்லை என்று நினைத்தேன். வாரம் முழுக்க எனக்காகக் காத்திருந்து, நான் வீட்டில் இருக்கிற நாளில் பாவம் தெம்பைத் திரட்டிக்கொள்கிறான் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்பே மருந்து என்று ஒரு சக ஆசிரியை சொன்னாள், நானும் தலையாட்டினேன். ஒரு கணக்கு டீச்சர் செய்கிற காரியமா அது?

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அக்கா படுத்துக்கொள்வாள். தலையை வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்று மதியம்வரை எழமாட்டாள். வாரம் முழுக்கச் சமைக்கிறாள், ஒருநாள் படுக்கட்டுமே என்று நானே உப்புமா கிளறிக்கொண்டேன். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

நான்காவது வாரம் கெட்ட நாட்களே அதிகம். நான் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வந்ததும், டாக்டரை வீட்டுக்கு வரச்சொல்லி, அவன் படுக்கையிலேயே ஊசி. புதன்கிழமை காப்பி குடிக்கும்போது அக்காவிடம் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், "அவனுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். என்ன பண்றது?" என்றாள். எழுந்து போய் நாயின் சோற்றுத்தட்டை எடுத்துக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியிருந்த தட்டு அது.

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமைக்கு நேரம் சொல்லிவிட்டு வருவதுதான் நோக்கம். அவர் பக்கங்களைப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார். பேனா மூடியால் ஒரு வரியைத் தட்டினார்.

"இது என்ன மேடம், புதவாரா ஏழு மார்க்?"

"அன்னிக்கி விநாயகர் சதுர்த்தி. லீவு. நான் வீட்ல இருந்தேன்." அன்பே மருந்து என்கிற கதையை அவரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"லீவு நாள் மாத்திரை யார் கொடுக்கறது?"

"நான்தான்."

"மத்த நாள்?"

"அக்கா," என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் நோட்டை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். "சனிவாரா வேணா மேடம்," என்றார். "மொதல்ல நாளையிலேர்ந்து நீங்களே குடுங்க."

வீடுவரை நடந்தே வந்தேன். ஃப்ளைஓவருக்குக் கீழே ஆட்டோக்காரர் ஒருவர் கன்னடத்தில் திட்டினார், நான் குறுக்கே போயிருக்கிறேன் போல. தூக்கிப் போட்டிருப்பாள், அருவருப்புப் பட்டுக்கொண்டு சாக்கடையில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஈரல் வாடைக்காக ஓர் உயிரைக் கொல்லத் துணிந்தாளா என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலடியில் படுத்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம மட்டும் அவனுக்கு வலிக்கல. ஏன்கா?"

அவள் நிமிரவில்லை. கத்தி நின்றுவிட்டது. நான் திரும்பக் கேட்டேன். மாத்திரையை எங்கே போட்டாய் என்று கேட்டேன்.

"எங்கயும் போடல. நான்தான் சாப்ட்டேன்."

"என்னது?"

"அவன் மாத்திரைய. நான்தான் சாப்ட்டேன்."

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. "அதுல ஈரல் போட்ருக்குக்கா," என்றேன். மடத்தனம்தான், எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"தெரியும். மூக்கப் புடிச்சிக்கிட்டு மோர்ல முழுங்கிடுவேன்."

இடுக்கியை இரண்டுமுறை கழுவியவள் சொல்கிறாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு வயிற்றுப் புண் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முழங்கால் வலிக்கு அவளாகவே வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரைகளால் வந்தது. இனி வலி மாத்திரை கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இருந்த அட்டைகளையெல்லாம் நான் குப்பையில் போட்டேன். தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரிடம் போய், அக்கா வந்து கேட்டால் கொடுக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் கொடுப்பதில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அந்தப் பேச்சை மறந்துபோனேன். வலி என்றால், எண்ணெய் தடவிக்கொள் என்பேன். ஆக, எங்கள் வீட்டில் இருந்த ஒரே வலி மாத்திரை நாயுடையது.

"ஸ்கூல் தொறந்த ரெண்டாவது நாளு," என்றாள் அக்கா. "இடுக்கியிலேர்ந்து நழுவிக் கீழ விழுந்துடுச்சு. குனிஞ்சு எடுத்துட்டு எந்திரிக்க முடியல. அப்படியே தரைல உக்காந்துட்டேன். இவன் ரெண்டு மாசமா இதத் தின்னுட்டுக் குதிக்கிறான், எனக்குக் கேக்காதான்னு பாத்தேன். கேட்டுச்சு. அன்னிக்கி மாடிக்குப் போயி நானே துணி ஒணத்துனேன்."

"இவன் எந்திரிக்க முடியாம மூத்திரத்துல கெடந்தான். பாத்துட்டுத்தானே இருந்த?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"சனிக்கெழம ஊசின்னு சொன்னேனே, அப்பவும் வாயத் தொறக்கலியே?"

"அதுக்குள்ள சொல்லிடலாம்னு இருந்தேன்."

"சொல்லியிருப்பியா?"

அவள் பீன்ஸைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். "தெரியல," என்றாள்.

நீ மனுஷியா என்று கத்தினேன். இன்னும் மோசமாகவும் கத்தினேன், அதையெல்லாம் எழுத முடியாது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, கிட்டத்தட்ட சாதாரணக் குரலில் சொன்னாள்: "ஆறு வருஷமா உன்கிட்டச் சொல்றேன், முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு. எண்ணெ தடவுன்னே. இவன் ஒரு வார்த்த சொல்லல. இவனுக்கு வலின்னு உனக்குத் தெரிஞ்சுது."

அது உண்மைதான். அது உண்மை என்பதாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் தப்பைக் காட்டித் தன் தப்பை மூடுகிறாள் என்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. என்மேல் கோபம் இருந்தால் என்னிடம் தீர்த்திருக்க வேண்டும். வாயில்லாதவனிடமிருந்து எடுத்திருக்கக் கூடாது. நாய் என் சத்தத்துக்குப் பயந்து, இடுப்பை இழுத்துக்கொண்டு, அக்காவின் புடவைக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டான். மூன்று மாதம் தன் மருந்தைத் தின்றவளிடமே போய் ஒட்டிக்கொள்கிறானே என்று அவன்மேலும் ஆத்திரம் வந்தது. அவனுக்கு மூளை கிடையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் பெரிதாக இல்லை என்று நோட்டுப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு அவனுக்கு என் கையால் மாத்திரை கொடுத்தேன். பிறகு அக்காவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வயிற்றுப் புண் மறுபடி திறந்திருந்தது. மலம் கறுப்பாகப் போனதை இரண்டு வாரமாக மறைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முழங்கால் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். இரண்டு எலும்புக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. இதை வைத்துக்கொண்டு இந்த அம்மா எப்படி நின்று சமைத்தார் என்று என்னிடம் கேட்டார். நாய் மாத்திரை தின்று சமைத்தார் என்று நான் சொல்லவில்லை. அக்காவே சொன்னாள். டாக்டர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் விழித்தார்.

இப்போது நாய் பரவாயில்லை. மாத்திரை கொடுத்த மறுநாளே பலகையில் தானாக இறங்கினான். சனிக்கிழமை மதியம், அவன் செத்திருக்க வேண்டிய நேரத்தில், கேட்டருகே நின்று காய்கறி வண்டிக்காரரைப் பார்த்துக் குரைத்தான். நான் உள்ளே போய்த் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு வயிற்றுக்கு மருந்து, முழங்காலுக்குக் களிம்பும் பிசியோதெரபியும். வயிறு ஆறினால் ஆபரேஷன் பேசலாம் என்றிருக்கிறார்கள். இருவருக்கும் நானே ஒத்தடம் கொடுக்கிறேன், முதலில் அக்காவுக்கு. அவள் நன்றி சொல்வதில்லை, நான் எதிர்பார்ப்பதுமில்லை. மன்னித்துவிட்டாயா என்று சக ஆசிரியை கேட்டாள். பேச்சை மாற்றினேன். அவள் தரும் காப்பியைக் குடிக்கும்போது, அவள் சொல்கிற சின்னச் சின்ன விஷயத்தைக்கூட, பால்காரர் வந்தாரா, கேஸ் வந்ததா என்பதைக்கூட, உண்மைதானா என்று மனசு ஒரு நொடி நிறுத்திப் பார்க்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை.

நாய்த்துரையின் ஆகார நேரத்தை ஆறே முக்காலுக்கு மாற்றிவிட்டேன். முதலில் முறைத்தார், பசித்ததும் தின்றார். நானே மாத்திரையை உருண்டைக்குள் வைத்து, அவன் விழுங்கும்வரை நின்று பார்க்கிறேன். போன மாதம் ஒருநாள், டப்பாவை பீரோவில் வைத்துச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. திரும்பியதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கூடப் பிறந்தவளுக்குப் பயந்து நான் பீரோவைப் பூட்டுவதை அவள் பார்த்துவிட்டாள்.

"பூட்டிட்டியா?" என்றாள்.

"ம்."

"நல்லா இழுத்துப் பாரு. பூட்டலன்னா எடுத்துருவேன்டி."